வெளிநாட்டில் பொறுப்போடு சுற்றுவதும் வாழ்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும், வேலைக்கோ படிப்புக்கோ போய்ச் சில வருடங்கள் தங்குகிறவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, வேண்டியதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். மூங்கில் பல்துலக்கி, துணிப்பை, எஃகு ஸ்ட்ரா என்று பெட்டியில் அடுக்குவது நல்லதுதான். ஆனால் எவ்வளவு தூரம் பறக்கிறீர்கள், எத்தனை நாள் தங்குகிறீர்கள், யாருடைய கூரையின் கீழ் தூங்குகிறீர்கள், பணம் யார் கைக்குப் போகிறது என்ற நாலு முடிவுகளுக்கு முன்னால் அதெல்லாம் சின்ன விஷயம். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் சாயும்.

விமானத்தில் போவதே தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள் என்றுதான் சொல்வேன். எரிபொருள் எரிப்பதால் உலகம் முழுக்க வெளியாகும் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு சுமார் 2.5 சதவீதம். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் உலக மக்களில் பெரும்பாலோர் ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட விமானம் ஏறுவதில்லை. ஏறுகிற கொஞ்சம் பேருக்குள்தான் இந்த 2.5 சதவீதமும் அடங்குகிறது.

லண்டனிலிருந்து நியூயார்க் போய்த் திரும்பினால், எகானமி வகுப்பில் ஒருவர் பங்குக்கு அரை டன்னுக்கு மேல் வரும். கணக்கிடும் முறையைப் பொறுத்து 1 டன்னைக்கூடத் தொடும். உலகத்தில் ஓர் ஆளுக்கு வருடம் முழுவதற்குமான சராசரியே 5 டன்னுக்குச் சற்றுக் குறைவு. விமானம் வானத்தில் விட்டுப்போகும் வெண்கோடுகளும் வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. அது இந்த டன் கணக்கில் சேராது.

சரி, போயே ஆக வேண்டும் என்றால் என்ன செய்யலாம்? வருடத்துக்கு நாலு குட்டிப் பயணங்களுக்குப் பதில் ஒரே நீண்ட பயணம். மேலெழும்பும்போதுதான் எரிபொருள் அதிகம் குடிக்கும் என்பதால், முடிந்தவரை நடுவில் இறங்கி மாறாத நேரடி விமானம். அப்புறம் எகானமி இருக்கை. பிசினஸ் கிளாஸில் ஒருவருக்குப் பிடிக்கும் இடம் அதிகம், அதனால் அவர் கணக்கில் ஏறும் கரியமில வாயு எகானமியைப் போலச் சுமார் 3 மடங்கு. இந்த மூன்றையும் செய்துவிட்டு மிச்சத்தைப் பற்றி யோசிக்கலாம்.

ரயிலில் போனால் உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசமா?

ஆமாம். பிரிட்டன் அரசு வெளியிடும் கணக்கில், உள்நாட்டு விமானத்தில் ஒருவர் 1 கிலோமீட்டர் போனால், வெண்கோடுகளின் பாதிப்பையும் சேர்த்து, சுமார் 250 கிராம் கரியமில வாயுவுக்குச் சமம். அங்கே ரயிலில் 35 கிராம் அளவு, நெடுந்தூரப் பேருந்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பேருந்துக்கு ஏனோ யாரும் பெருமை பேசுவதில்லை, ஆனால் பல வழித்தடங்களில் அதுதான் எல்லாவற்றிலும் சிக்கனமானது. பிரான்ஸ் 2023 மே மாதம் முதல், ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய சில உள்நாட்டு விமானத் தடங்களையே நிறுத்திவிட்டது. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோன், நாந்த், போர்தோ போகிறவை அவை.

ஆகவே ஒரு கண்டத்துக்குப் பறந்து போய்விட்டீர்கள் என்றால், அதற்குள் ஊர்விட்டு ஊர் போக மறுபடி விமானம் ஏறாதீர்கள். பத்து நாளில் ஆறு தலைநகரங்கள் என்று திட்டம் போட்டால் விமானத்தைத் தவிர வேறு வழி இருக்காது. இரண்டு ஊர் என்று சுருக்கினால் ரயில் தானாக வந்துவிடும்.

கப்பல்?

ஆற்றைக் கடக்கும் படகோ, பக்கத்துத் தீவுக்குப் போகும் ஃபெர்ரியோ சரி. பல்லாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு, நீச்சல் குளமும் திரையரங்குமாகப் போகும் உல்லாசக் கப்பல் வேறு கதை. அத்தனை பேருக்கும் ஏசி, சமையல், வெந்நீர், விளக்கு எல்லாம் கடல்மேல் எரிபொருள் எரித்துத்தான் கிடைக்கிறது. ஒருவர் பங்குக்கான புகை விமானத்தையே மிஞ்சிவிடுவதும் உண்டு. அது நிற்கும் துறைமுகத்துக்கும் பெரிய வரவு கிடையாது. காலையில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறங்கி, படம் எடுத்து, சாப்பிடக் கப்பலுக்கே திரும்பிவிடுகிறார்கள். 2021 ஆகஸ்ட் முதல் இத்தாலி அரசு பெரிய கப்பல்களை வெனிஸ் நகரின் நடுக் கால்வாய்க்குள் விடுவதில்லை.

கார்பன் ஈட்டுத் தொகை கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

தீராது. டிக்கெட் வாங்கும்போது ஒரு சின்னக் கட்டத்தில் டிக் செய்தால் எங்கோ மரம் நடுவார்கள் என்கிற ஏற்பாடு இது. விமானம் வெளியேற்றிய வாயு இன்றைக்கே வானத்தில் இருக்கிறது. அந்த மரம் அதை உறிஞ்சப் பல பத்தாண்டுகள் பிடிக்கும், அதுவரை அதை யாரும் வெட்டக் கூடாது, தீப்பிடிக்கக் கூடாது. அந்தப் பணம் இல்லாவிட்டாலும் காடு அப்படியே இருந்திருக்கும் என்றால் ஈடு என்ற பேச்சுக்கே இடமில்லை. 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் ஒன்று, கே.எல்.எம் விமான நிறுவனத்தின் இப்படிப்பட்ட பசுமை விளம்பரங்கள் பயணிகளைத் தவறாக வழிநடத்துகின்றன என்று தீர்ப்புச் சொன்னது.

நல்ல திட்டங்களே இல்லை என்று சொல்லவில்லை. பணம் கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள், ஆனால் அதை நன்கொடை என்று எழுதிக்கொள்ளுங்கள். கூடுதலாக ஒரு தடவை பறப்பதற்கான அனுமதிச் சீட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புதுவகைப் பசுமை எரிபொருள் வந்துவிட்டதாமே?

பழைய சமையல் எண்ணெய், கழிவு போன்றவற்றிலிருந்து செய்யும் விமான எரிபொருள் அது. வந்திருக்கிறது, மிகக் கொஞ்சமாக. 2024இல் உலக விமான எரிபொருளில் அதன் பங்கு 0.3 சதவீதம் அளவே. ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் 2 சதவீதம் கலக்க வேண்டும் என்று தொடங்கி, 2050இல் 70 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறது. உங்கள் அடுத்த பயணத்துக்கு அது உதவாது.

கூட்டம் அலைமோதும் இடங்களுக்குப் போகாமல் இருப்பதுதான் நல்லதா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

வெனிஸ் தீவில் 1950களின் தொடக்கத்தில் 1,70,000க்கு மேற்பட்டோர் வசித்தார்கள். இப்போது 50,000க்கும் குறைவு. வீடுகள் சுற்றுலா அறைகளாகிவிட்டன, காய்கறிக் கடை சுற்றுலாப் பயணிகளுக்கு அலங்கார முகமூடி விற்கிற கடையாகிவிட்டது. 2024 ஏப்ரலில் அந்த நகரம் காலையில் வந்து மாலையில் போகிறவர்களிடம் சில நாட்களில் மட்டும் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. இரவு தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. அவர்கள் கொஞ்சமாவது பணத்தை ஊருக்குள் விட்டுப்போகிறார்கள் என்பதால்தான் இந்த வித்தியாசம்.

சில இடங்களைப் பூட்டியே வைக்க வேண்டியிருந்தது. பிலிப்பைன்ஸின் போராகாய் தீவில் கழிவுநீர் நேராகக் கடலில் கலந்துகொண்டிருந்தது. 2018 ஏப்ரலில் அதை ஆறு மாதம் மூடினார்கள். தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் படகுகள் போட்ட நங்கூரமே பவளத்தை நொறுக்கியது. 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். ஆள் நடமாட்டம் நின்றதும் சுறாக்கள் கரையோரத்துக்குத் திரும்பிவிட்டன. இப்போதும் ஆகஸ்ட், செப்டம்பரில் அதை மூடி வைக்கிறார்கள்.

இதிலிருந்து பலரும் எடுக்கிற முடிவு, ‘யாரும் போகாத இடமாகப் பார்த்துப் போவோம்’ என்பது. எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. யாரும் போகாத இடத்தில் கழிப்பறை இருக்காது, குப்பை அள்ள ஆள் இருக்காது, கூட்டத்தைத் தாங்குகிற பாதை இருக்காது. அங்கே போய் அழகான படம் ஒன்றை எடுத்து, இடத்தின் துல்லியமான குறிப்போடு இணையத்தில் போட்டால், அடுத்த மாதம் ஆயிரம் பேர் வருவார்கள். பழகிய இடத்துக்கே, கூட்டமில்லாத பருவத்தில் போய், இரண்டு நாளுக்குப் பதில் ஒரு வாரம் தங்குவது பெரும்பாலும் நல்லது. புது இடத்துக்குத்தான் போவேன் என்றால் படத்தைப் போடுங்கள், இடத்தைக் குறிக்க வேண்டாம்.

ஹோட்டலா, குறுகிய கால வாடகை வீடா?

வீட்டுக்காரர் அதே வீட்டில் இருந்துகொண்டு ஓர் அறையைத் தருகிறார் என்றால் மகிழ்ச்சியாகப் போய்த் தங்கலாம். அந்தத் தெருவில் ஒரு குடும்பம் குடியிருந்திருக்க வேண்டிய முழு வீடு, வருடம் முழுக்கப் பெட்டி இழுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு மட்டும் திறந்தால், அந்த ஊரில் வாடகை ஏறும். இதனால்தான் நகரங்கள் ஒவ்வொன்றாகக் கட்டுப்பாடு கொண்டுவருகின்றன. ஆம்ஸ்டர்டாமில் ஒரு வீட்டை வருடத்துக்கு அதிகபட்சம் 30 இரவுதான் இப்படி விடலாம். ஜப்பானில் 2018 ஜூனில் வந்த சட்டப்படி வருடத்துக்கு 180 நாள். நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவான வாடகை என்றால் வீட்டுக்காரரும் அங்கேயே தங்கியிருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. பார்சிலோனா தன்னிடமுள்ள சுமார் 10,000 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்திருக்கிறது.

பதிவு செய்யும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். விளம்பரத்தில் பதிவு எண் இருக்கிறதா? அதே ஆள் பெயரில் இன்னும் எத்தனை வீடுகள் ஓடுகின்றன? இருபது வீடு வைத்திருக்கிறவர் ‘எங்கள் இல்லத்துக்கு வாருங்கள்’ என்று எழுதியிருந்தால் அது இல்லம் அல்ல, வியாபாரம். அதற்கு வரி ஒழுங்காகக் கட்டுகிற, ஊழியர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிற சிறிய ஹோட்டலே மேல்.

‘சூழலுக்கு உகந்த விடுதி’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?

பச்சை இலை படமும், ‘துண்டைத் தரையில் போட்டால் மட்டுமே துவைப்போம்’ என்ற அட்டையும் மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம். துண்டு துவைக்காவிட்டால் விடுதிக்குச் செலவு மிச்சம், அவ்வளவுதான். வெளியாள் வந்து சோதித்துக் கொடுத்த சான்று இருக்கிறதா என்று பாருங்கள். டென்மார்க்கில் 1994இல் தொடங்கிய ‘கிரீன் கீ’ அப்படிப்பட்ட ஒன்று. உலக நிலைத்த சுற்றுலா மன்றம் என்ற அமைப்பு விடுதிகளுக்குத் தானே சான்று கொடுப்பதில்லை. சான்று கொடுக்கிறவர்களைச் சோதிக்கிறது. எனவே அதன் அங்கீகாரம் பெற்ற சான்று என்றால் ஓரளவு கனம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 செப்டம்பர் இறுதியிலிருந்து, ஆதாரமில்லாமல் ‘சூழல் நட்பு’ என்று விளம்பரம் செய்வதற்கே தடை.

சான்று வாங்கப் பணம் இல்லாத சின்ன விடுதிகளும் நிறைய உண்டு. அவர்களிடம் நேரடியாகக் கேட்டுவிடலாம்: வெந்நீருக்கு என்ன எரிபொருள், கழிவுநீர் எங்கே போகிறது, வேலை செய்கிறவர்கள் உள்ளூர்க்காரர்களா? ஒழுங்காக நடத்துகிறவர் இந்தக் கேள்விகளை விரும்பிப் பதில் சொல்வார்.

என் பணம் உள்ளூர்க்காரர்களுக்குப் போகிறதா என்று எப்படித் தெரியும்?

சாப்பாடு, தங்குமிடம், சுற்றிக்காட்டுவது எல்லாம் சேர்த்து மொத்தமாக முன்பணம் கட்டும் ரிசார்ட் என்றால், கணிசமான பங்கு அந்த நாட்டுக்குள் வராமலேயே போய்விடும். விமானம் ஒரு நாட்டு நிறுவனம், ரிசார்ட் வேறொரு நாட்டு முதலாளி, தட்டில் விழும் பழமும் இறக்குமதி. தங்குமிடம் ஒரு கையில், சாப்பாடு தெருவில் இருக்கிற கடைகளில், வழிகாட்டி அந்த ஊர்க்காரர் என்று பிரித்துச் செலவழித்தால் பல கைகளுக்குப் போகும்.

முன்பதிவு இணையதளங்கள் விடுதிக்காரரிடம் 15 சதவீதமோ அதற்கு மேலோ கமிஷன் பிடிக்கின்றன. தேடுவதை அங்கே தேடிவிட்டு, விடுதிக்கு நேராகத் தொலைபேசியில் பேசிப் பாருங்கள். பல நேரம் உங்களுக்கும் கொஞ்சம் குறையும், அவருக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

பேரம் பேசலாமா?

பேரம் வழக்கமாக இருக்கிற சந்தையில் பேசலாம், சிரித்துக்கொண்டே. இருவருக்கும் கட்டுப்படியாகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஒரு காபிக்குக்கூட ஆகாத தொகைக்காக ஒரு பாட்டியோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டி ஜெயிப்பது வெட்கக்கேடு.

யானைச் சவாரி, புலிக்குட்டியோடு படம். இதெல்லாம் ஏன் கூடாது?

காட்டு யானை ஒன்று மனிதனை முதுகில் ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும் என்றால், குட்டியிலேயே தாயிடமிருந்து பிரித்து, கட்டிவைத்து, அடித்துப் பணியவைப்பதுதான் பல இடங்களில் வழக்கம். நீங்கள் பார்ப்பது அதற்கு அப்புறமான சாதுவான யானையை. புலி விஷயம் இன்னும் மோசம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ‘புலிக்கோயில்’ என்று பேர்பெற்றிருந்த இடத்தில் 2016இல் அதிகாரிகள் சோதனை போட்டு 137 புலிகளை மீட்டார்கள். உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் இருந்தன. அதுவரை உலகம் முழுவதிலிருந்தும் பயணிகள் அங்கே போய்க் குட்டிக்குப் பாலூட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சரணாலயம் என்று பலகை போட்டிருந்தாலும், விலங்கைத் தொடலாம், குளிப்பாட்டலாம், அதோடு படம் எடுக்கலாம் என்றால் தள்ளி நில்லுங்கள். அங்கே குட்டிகள் தொடர்ந்து பிறந்துகொண்டே இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

ஒழுங்காக நடத்தினால் எப்படி இருக்கும் என்பதற்கு ருவாண்டாவின் மலைக் கொரில்லாக்கள். ஒரு கொரில்லாக் கூட்டத்தைப் பார்க்க ஒரு தடவையில் 8 பேர், ஒரே ஒரு மணி நேரம், தூரம் விட்டுத்தான் நிற்க வேண்டும். சளி, இருமல் இருந்தால் அனுப்ப மாட்டார்கள், மனிதர்களின் சளி கொரில்லாவைக் கொன்றுவிடக்கூடும். 2017 முதல் அனுமதிக் கட்டணம் 1,500 டாலர். பூங்கா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போகிறது. மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இந்தக் கட்டணம் பணக்காரர்களுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும் என்ற குறை நியாயமானதே. எல்லோருக்கும் திறந்துவிட்டால் கொரில்லா தாங்காது என்பதும் நியாயமே. இரண்டையும் சமாதானப்படுத்தும் வழி எனக்குத் தெரியவில்லை.

அனாதை இல்லத்தில் இரண்டு வாரம் தொண்டு செய்ய ஆசை. போகலாமா?

வேண்டாம். மனசு நல்ல மனசுதான், ஆனால் வேண்டாம். கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்கள் சுற்றுலாவோடு சேர்ந்தே பெருகின. 2011இல் யுனிசெஃப் துணையோடு வந்த ஆய்வில், அங்கிருந்த குழந்தைகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தது தெரிந்தது. பார்க்கவும் கொடுக்கவும் வெளிநாட்டார் வருகிறார்கள் என்றால், காட்டுவதற்குக் குழந்தைகள் தேவைப்படுகிறார்கள். ஏழைப் பெற்றோரிடம் ‘படிக்கவைக்கிறோம்’ என்று சொல்லிக் கூட்டிவந்துவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு புது அண்ணனும் அக்காவும் வந்து பாசம் காட்டிவிட்டுப் போவதும் அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதல்ல. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே இதைக் குறிப்பிட்டுத் தீர்மானம் போட்டிருக்கிறது.

உங்களுக்கென்று ஒரு தொழில் திறமை இருந்து, அங்கே யாராவது அதைக் கேட்டால், சில மாதம் தங்கி உள்ளூர் ஆட்களுக்குக் கற்றுக்கொடுங்கள். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் பறந்து போகாதீர்கள், பெயிண்டர் அங்கேயே இருக்கிறார்.

சன்ஸ்கிரீன் பவளத்தைக் கெடுக்குமா?

ஆக்சிபென்சோன் போன்ற சில ரசாயனங்கள் பவளத்தைக் கெடுக்கலாம் என்று, அவை உள்ள சன்ஸ்கிரீனுக்குப் பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 ஜனவரியிலும் அமெரிக்காவின் ஹவாய் 2021 ஜனவரியிலும் தடை போட்டன. ஆனால் பவளங்களைக் கொல்கிற பெரிய எதிரி கடல் சூடாவதுதான், அதற்கு நீங்கள் வந்த விமானமும் ஒரு காரணம். நீந்தும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் பூச வேண்டிய பரப்பே குறைந்துவிடும். பவளத்தின் மேல் நிற்காதீர்கள், தொடாதீர்கள்.

குடிநீருக்கு பாட்டில் வாங்காமல் சமாளிக்க முடியுமா?

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம் என்றால் வேலை முடிந்தது. சந்தேகம் என்றால் கொதிக்க வைத்து, தளதளவென்று 1 நிமிடம் விட வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலையில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால் 3 நிமிடம். ஈயம், ஆர்செனிக் போன்றவை கலந்த தண்ணீருக்கு இது உதவாது, அங்கே பாட்டில் வாங்குவதில் குற்றவுணர்ச்சி வேண்டாம்.

அரசாங்கம் மோசமாக இருக்கிற நாட்டுக்குப் போகலாமா?

ஒரே பதில் கிடையாது. மியான்மரில் ராணுவ ஆட்சிக் காலத்தில், 1990களில், ஆங் சான் சூச்சி சுற்றுலாப் பயணிகள் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வருகிற பணம் ராணுவத்துக்குப் போகிறது என்பது காரணம். 2010 வாக்கில் அவர் கட்சி, தனியாக வந்து சாதாரண மக்களிடம் செலவழிக்கிறவர்கள் வரலாம் என்று தளர்த்தியது. அங்கே பாதிக்கப்படுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். போனால் நீங்கள் சொல்கிற, எழுதுகிற ஒரு வார்த்தைக்கு உங்கள் வழிகாட்டி விலை கொடுக்க நேரலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

புனித இடங்கள், மனிதர்களைப் படம் எடுப்பது?

கேட்டுவிட்டு எடுங்கள். குழந்தை என்றால் பெற்றோரைக் கேளுங்கள். ஜப்பானில் கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷா என்ற பாரம்பரியப் பெண் கலைஞர்களைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்ததால், 2024இல் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையவே தடை போட்டார்கள். ஆஸ்திரேலியாவில் உளுரு பாறையைப் புனிதமாகக் கருதும் பூர்வகுடிகளான அனங்கு மக்கள், அதன் மேல் ஏற வேண்டாம் என்று பல ஆண்டுகள் பலகை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டேதான் இருந்தார்கள். 2019 அக்டோபர் 26இல் அது சட்டப்படி மூடப்பட்டது. மூடுவதற்கு முந்தைய வாரங்களில் கடைசி வாய்ப்பு என்று நீண்ட வரிசை நின்றதுதான் எனக்கு இதில் ஜீரணமாகாத பகுதி.

வெளிநாட்டில் வேலை செய்கிறேன். வருடத்துக்கு எத்தனை தடவை ஊருக்குப் போவது?

வெளிநாட்டில் வாழ்கிறவர்களின் கரியமிலக் கணக்கில் பெரும்பாலும் பெரிய பங்கே இதுதான். நீங்கள் காய்கறி எங்கே வாங்குகிறீர்கள் என்பதெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது. இரண்டு குட்டி விடுமுறைகளைச் சேர்த்து ஒரே நீண்ட விடுமுறையாக்க முடியுமா என்று முதலாளியிடம் கேளுங்கள். அங்கிருந்தபடி சில வாரம் வேலை செய்ய அனுமதி கிடைத்தால் இன்னும் நல்லது. வயதான அப்பா அம்மா உடம்புக்கு முடியாமல் இருக்கும்போது இந்தக் கணக்கையெல்லாம் மூடி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அதற்குப் பதிலாக விட்டுக்கொடுக்க வேண்டியது வார இறுதி உல்லாசப் பயணத்தை.

சம்பளம் வேறு நாட்டிலிருந்து வருகிறது, வாழ்க்கை மலிவான ஊரில். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பக்கத்து வீட்டுக்காரருக்கு. உள்ளூர்ச் சம்பளத்தைப் போலப் பல மடங்கு வாங்குகிறவர்கள் ஒரே பேட்டையில் குவிந்தால், வாடகை அவர்களைப் பார்த்துத்தான் நிர்ணயமாகும். லிஸ்பனிலும் மெக்சிகோ நகரத்திலும் நடப்பது இதுதான். 2025 ஜூலையில் மெக்சிகோ நகரத்தில் இதை எதிர்த்துத் தெருவில் இறங்கிப் போராடினார்கள். உங்கள் ஒருவரால் வந்த பிரச்சினை இல்லை, ஆனால் உங்களால் செய்ய முடிந்தது உண்டு. வீடு பார்க்கும்போது, கேட்ட வாடகைக்கு மேல் கொடுத்துப் பிடிக்காதீர்கள். ‘எங்கள் ஊரோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை’ என்று நினைத்துக் கையெழுத்துப் போடும் முன், அந்தத் தெருவில் மற்றவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். மாத வாடகைக்கு விடும் இணையதளத்தில் எடுப்பதைவிட, உள்ளூர்ச் சட்டப்படி வருட ஒப்பந்தம் போடுங்கள்.

அப்புறம் விசா. சுற்றுலா விசாவில் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை செய்வது பல நாடுகளில் சட்டத்துக்குப் புறம்பானது. இதற்கென்றே எஸ்டோனியா 2020இலும், போர்ச்சுகல் 2022இலும், ஸ்பெயின் 2023இலும் தனி விசா கொண்டுவந்தன. பல நாடுகளில் வருடத்துக்கு 183 நாள் தாண்டினால் வரி கட்ட வேண்டியவராகிவிடுவீர்கள். அந்த வரியைத் தவிர்க்க 182ஆம் நாள் பெட்டி கட்டுகிறவர்களை நான் பார்க்கிறேன். சாலை, மருத்துவமனை, பேருந்து எல்லாம் ஆறு மாதம் ஓசியில் பயன்படுத்திவிட்டுக் கிளம்புவதைச் சாமர்த்தியம் என்று அவர்கள் சொல்லும்போது எரிச்சலாக இருக்கிறது.

மொழி கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?

ஒரு வருடத்துக்கு மேல் இருக்கப் போகிறீர்கள் என்றால், ஆம். உங்கள் வீட்டைச் சுத்தம் செய்கிறவர், பேருந்து ஓட்டுநர், எதிர்வீட்டுப் பெரியவர் இவர்களோடு பேச முடியாமல் ஓர் ஊரில் வாழ்ந்தால், நம்மைப் போன்ற வெளிநாட்டவர்களின் வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்போம். கடைக்காரரிடம் தப்பும் தவறுமாகப் பேசுங்கள், சிரிப்பார், திருத்துவார்.

புது நாட்டில் குப்பை போடுவதே குழப்பமாக இருக்கிறதே?

முதல் மாதம் எல்லோருக்கும் அப்படித்தான். தென் கொரியாவில் 1995 முதல், குப்பைக்கென்று விற்கும் பையில்தான் போட வேண்டும். எவ்வளவு குப்பையோ அவ்வளவு செலவு. உணவுக் கழிவு தனி. ஜெர்மனியில் பல பாட்டில்களுக்கும் டின்களுக்கும் 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள், காலிப் பாட்டிலைக் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். கண்ணாடிச் சத்தம் கேட்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை தெருத் தொட்டியில் பாட்டில் போடக் கூடாது. தைவானில் குப்பை லாரி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், சத்தம் கேட்டதும் கீழே ஓட வேண்டும். நகராட்சியின் அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிவையுங்கள். புரியாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், பழக்கம் பிடிக்க அதைவிட நல்ல சாக்கு கிடையாது.

வீட்டுச் சாமான்?

பழையதை வாங்குங்கள், போகும்போது அடுத்து வருகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். பல்கலைக்கழக ஊர்களில் படிப்பு முடியும் மாதத்தில் கட்டில், மேசை, சைக்கிள் எல்லாம் தெருவுக்கே வந்துவிடும். மின்சாதனம் மட்டும் வாங்கும் முன் யோசியுங்கள். 110 வோல்ட் நாட்டில் வாங்கிய சூடேற்றி 230 வோல்ட் நாட்டில் குப்பைதான்.

நினைவுப்பொருள் என்ன வாங்கலாம், எதைத் தொடக் கூடாது?

ஆமை ஓடு, தந்தம், பவளம், பாம்புத்தோல், காட்டு ஆர்க்கிட் இவற்றைக் கடையில் வெளிப்படையாக விற்றாலும் வாங்க வேண்டாம். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தம் 1975இல் நடைமுறைக்கு வந்தது, 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. விற்றவர் மாட்ட மாட்டார், சுங்கத்தில் நீங்கள்தான் மாட்டுவீர்கள். மணலும் அப்படித்தான். இத்தாலியின் சார்தீனியாத் தீவில் கடற்கரை மணலை அள்ளினால் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். 2019இல் ஒரு பிரெஞ்சுத் தம்பதி 40 கிலோ மணலோடு பிடிபட்டார்கள்.

சுங்கப் படிவத்தில் பழம், விதை, செருப்பில் மண் என்றெல்லாம் ஏன் கேட்கிறார்கள்?

ஒரு பூச்சி முட்டையோ பூஞ்சையோ உள்ளே வந்தால் ஒரு நாட்டின் காட்டையே அழித்துவிடும் என்பதால். நியூசிலாந்தில் கௌரி என்ற பிரம்மாண்டமான மரங்களை மண்ணில் பரவும் ஒரு நோய்க்கிருமி வேரோடு அழுக வைக்கிறது. நடைபயணம் போகிறவர்களின் செருப்பில் ஒட்டிய மண்ணும் அதைப் பரப்புகிறது. அதனால் காட்டுப்பாதை வாசலிலேயே செருப்பைத் தேய்த்துக் கழுவ இடம் வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டுக்குள் நுழையும்போது கைப்பையில் ஓர் ஆப்பிள் இருப்பதைச் சொல்ல மறந்தால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். கிளம்பும் முன் காலணி, கூடாரத்தின் அடிப்பக்கம், கைத்தடியின் முனை இவற்றைக் கழுவிக் காய வைத்துக்கொள்ளுங்கள். எதில் சந்தேகம் வந்தாலும் படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதுங்கள். சொல்லிவிட்டால் அபராதம் கிடையாது, அதிகபட்சம் ஆப்பிளை எடுத்துக்கொள்வார்கள்.